பிரியதத்தம் என்றொரு சொல்

இறந்தவர் வீட்டில் இரவுச் செபமாலை சொல்லப்படும்போது நம் பங்குகளில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். முன்வரிசையில் பாயில் அமர்ந்திருக்கும் இளையோர் 'அருள் நிறைந்த' என்று தொடங்குவர். சுவரோரம் சாய்ந்திருக்கும் மூதாட்டியர் இருவர் மூவர் அதே வேளையில் 'பிரியதத்தத்தினாலே' என்று தொடங்குவர். முன்னது குறுகியது, பின்னது நீண்டது. ஆகையால் இளையோர் முதற்பாதியை முடித்து நிற்க, மூதாட்டியரின் குரல் மட்டும் ஓரிரு நொடி தனித்து ஒலித்து ஓயும். சிறுவர் சிலர் சிரிப்பர். பிறகு மறுபாதி தொடங்கும். அதிலும் அதே கதை.

"எது சரி, சாமி?" என்று நம்மிடம் கேட்டவர் பலர். ஆயர் பேரவை ஏற்ற புதிய பாடமே சரி என்று பல ஆண்டுகள் தயங்காமல் விடையளித்து வந்தோம். ஒழுங்குமுறையைக் கருதினால் அவ்விடையில் பிழையில்லை. ஆனால் குருமடத்தில் படித்த திருச்சபை வரலாற்றை வேறு கண்ணோடு மீண்டும் புரட்டிப் பார்க்க நேர்ந்தபோது, கேள்வி நாம் எண்ணியதைவிடப் பெரியது என்று தெரிந்தது. அவ்வாறு நேர்ந்ததற்கு ஓர் உபதேசியார் காரணம். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

சொல் மாற்றத்தால் எழும் பூசல் நமக்கு மட்டும் உரியதன்று. 403-ஆம் ஆண்டில் புனித அகுஸ்தினார், பெத்லகேமில் இருந்த புனித எரோணிமுசுக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்னும் நகரின் ஆயர், எரோணிமுசின் புதிய இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து யோனாவின் நூலைக் கோவிலில் வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடி, மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த பாடத்தில் சுரைக்கொடி. புதிய பாடத்திலோ ஐவிக்கொடி. கோவிலில் பெருங்குழப்பம் மூண்டது. மக்கள் ஆயரைப் பொய்யர் என்றனர். அவர் நகரத்து யூதரிடம் சென்று எபிரேயத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியதாயிற்று. இறுதியில் மந்தையில்லா மேய்ப்பராகிவிடாதிருக்கப் பழைய சொல்லுக்கே அவர் திரும்பினார். ஒரு செடியின் பெயருக்காக! நம் தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்குச் செடி. சுரையும் வெல்லவில்லை, ஐவியும் வெல்லவில்லை.

இதைப் படித்துச் சிரிப்பவர், ஓயா மக்கள் எதைக் காத்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்குத் தாவர இயலில் அக்கறை இருந்திருக்காது. தாயும் தந்தையும் சொல்லக் கேட்ட சொல், கோவிலில் அதிகாரத்தோடு வாசிக்கப்பட்ட சொல், ஒரு காலையில் தவறென்று ஆனால், தாயும் தந்தையும் நம்பியவற்றில் இன்னும் எவையெவை தவறு என்ற அச்சம் எழுவது இயல்பே.

ஆண்டவர் கற்பித்த செபத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு மாறாத ஒரே பாடம் தொடக்கத்திலிருந்தே உண்டு என்று பலர் எண்ணுகின்றனர். நற்செய்தி நூல்களைத் திறந்து பார்த்தால் அவ்வெண்ணம் நிலைக்காது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஒரு வடிவம். லூக்கா பதினொன்றாம் அதிகாரத்தில் அதைவிடக் குறுகிய வேறு வடிவம். மத்தேயு 'கடன்கள்' என்கிறார். லூக்கா அதே இடத்தில் 'பாவங்கள்' என்கிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. கிரேக்கத்தில் எழுதியவர்கள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. அந்தத் தேர்வின் தடம் இன்றும் அழியவில்லை. ஆங்கில மொழியில் ஸ்காட்லாந்தின் பிரஸ்பித்தேரியர் 'கடன்கள்' என்று செபிக்க, ஆங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் 'குற்றங்கள்' என்னும் பொருளுடைய சொல்லைப் பயன்படுத்துகின்றனர். தமிழகத்திலும் அப்படியே. சீர்திருத்தச் சபையாரின் செபத்தில் கடனும் கடனாளியும் வருகின்றனர். நம் செபத்தில் அவர்கள் இல்லை.

'அன்றாட உணவு' என்கிறோமே, அங்கே வரும் கிரேக்க அடைமொழி இன்னும் புதிரானது. 'எப்பியூசியோஸ்' என்னும் அச்சொல்லை நற்செய்தியாளரே உருவாக்கியிருக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் கருதினார். கிரேக்கம் பேசிய மக்களிடையே அவர் அதைக் கேட்டதில்லை. திருத்தந்தை தமாசு கேட்டுக்கொண்டபடி நற்செய்திகளின் இலத்தீன் பாடத்தைத் திருத்திய எரோணிமுசு, அதே சொல்லை லூக்காவில் 'நாள்தோறும்' என்றும், மத்தேயுவில் 'பொருள்நிலைக்கு மேற்பட்ட' என்றும் மொழிபெயர்த்தார். திருச்சபை செபிப்பது மத்தேயுவின் வடிவத்தை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் லூக்காவில் எரோணிமுசு வைத்த சொல்லை. இப்படிக் கலந்த பாடத்தைத்தான் இத்தனை நூற்றாண்டுகளாக இத்தனை புனிதர்கள் சொல்லிச் சொல்லிப் புனிதரானார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரைத் தேடிச் சேர்த்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கட்டளைகள், ஆண்டவர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை முதலியவற்றைப் பெருமுயற்சியோடு தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டிக் கற்பித்தார். இவற்றை அவரே 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். பொருளை முழுதும் அறியாத ஒருவர், ஒலியை மட்டும் நினைவில் சுமந்து, ஒலியாகவே பிறருக்குத் தந்த செபங்கள் அவை. அவற்றில் பிழைகள் இருந்தன என்பதில் வியப்பில்லை. அவருக்குப் பின் 1547-இல் அக்கடற்கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, பிழைகளைக் கண்டு திருத்தினார். எனவே தமிழ்ச் செபங்களின் முதல் திருத்தம், அவை பிறந்து பத்தாண்டு ஆகும் முன்பே தொடங்கிவிட்டது.

1554-இல் லிஸ்பன் நகரில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ்-போர்த்துக்கீசியச் செப நூலும், 1578 அக்டோபரில் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலும் நம் அச்சு வரலாற்றின் முதற்படிகள் என்பதை வாசகர் அறிவர். தமிழில் அச்சேறிய முதல் சொற்கள் செபச் சொற்களே என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் இங்கே கருதவேண்டியது அந்த நூலின் பெயர். கடவுளுக்கு அன்று வழங்கிய சொல் 'தம்பிரான்'. இன்று எந்தக் கோவிலில் அச்சொல் ஒலிக்கிறது? ஏறத்தாழ அரை நூற்றாண்டில் அது பின்வாங்கத் தொடங்கியது.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அங்குக் கண்ட நிலை, ஒரு சொல் எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதற்குச் சான்று. திருமுழுக்குப் பெற வந்தவரிடம், 'கிறிஸ்தவராக விரும்புகிறாயா' என்று கேட்க வேண்டிய இடத்தில், 'பரங்கிக் குலத்தில் புக விரும்புகிறாயா' என்னும் பொருள்பட வினவும் வழக்கம் அப்போது இருந்தது. கேட்டவருக்கு அது வெறும் மொழிபெயர்ப்பு. கேட்கப்பட்டவருக்கோ தன் உறவையும் ஊரையும் துறந்து வேற்றவர் குலத்தில் கலக்கும் அறிவிப்பு. திருமுழுக்கின் வாயிலில் இப்படியொரு சொல் முள்வேலியாய் நின்றது. நொபிலி அதை அகற்றினார். அத்துடன் வேதம், குரு, பூசை, கோவில் முதலிய சொற்களைத் திருச்சபைக்குள் கொண்டுவந்து ஊன்றினார். தம்பிரானின் இடத்தில் 'சர்வேசுரன்' அமர்ந்தார். எல்லாவற்றுக்கும் ஈசன் என்பது பொருள்.

அந்தச் சர்வேசுரனும் நிலைக்கவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தம் புதிய ஏற்பாட்டில் கத்தோலிக்கரின் அதே சொல்லை ஏற்றார். பின்வந்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871-இல் நிறைவுற்ற ஐக்கியப் பதிப்பு 'தேவன்' என்றது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள். இத்தனை பெயரிலும் அழைக்கப்பட்டவர் ஒருவரே. இதைச் சொல்வது நமக்கு எளிது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும், பழைய பெயரால் அழைத்துப் பழகிய ஒரு தலைமுறை கோவில் வாசலில் சற்றுத் திகைத்து நின்றிருக்கும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு வழி திறந்தபோது, தமிழகத்தில் தூய தமிழ் உணர்வு செழித்திருந்தது. இரண்டும் சந்தித்தன. வடமொழியும் போர்த்துக்கீசியமும் கலந்த பழைய செபங்கள் நல்ல தமிழில் புதுப்பிக்கப்பட்டன. 'அர்ச்சியசிஷ்ட' போய்ப் 'புனித' வந்தது. ஆயினும் பழைய கோவில் கல்வெட்டுகளில் 'அர்ச்.' என்னும் குறுக்கம் இன்னும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 'விசுவசிக்கிறேன்' என்பது 'நம்புகிறேன்' ஆயிற்று. 'இஸ்பிரீத்து சாந்து' பரிசுத்த ஆவியாகி, தூய ஆவியாகி, இன்று தூய ஆவியார் ஆகியுள்ளார். இந்தக் கடைசி '-ஆர்' விகுதியை நாம் மிகவும் பாராட்டுகிறோம். 'ஆவி என்றால் பிள்ளைகள் பேய் என்று பயப்படுகிறார்கள்' என்று மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் நம்மிடம் குறைப்பட்டதுண்டு. ஆவியார் என்றதும் அவர் ஆளாகிவிடுகிறார். அச்சம் பாதி தீர்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. தூய ஆவியைப் பொறுத்தவரை பழையவர்கள் ஒலியைக் காத்தார்கள். நாம் பொருளைத் தருகிறோம். புனிதர் பெயர்களிலோ பழையவர்கள் பொருளைத் தந்தார்கள். நாம் ஒலிக்குத் திரும்பிவிட்டோம். பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பர். எவ்வளவு அழகிய பெயர்கள்! அவற்றை இழந்ததில் நமக்கு இன்றளவும் வருத்தம் உண்டு.

புதிய தமிழ் நமக்குப் பல கதவுகளைத் திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பொருள் விளங்காமல் செபிப்பதை ஒரு நற்பண்பாகக் கொள்ள முடியாது. இருப்பினும், பொருள் விளங்காதது என்று ஒதுக்கப்பட்ட பழைய சொற்களுள் சில, உண்மையில் நாம் விளக்க மறந்த சொற்களே. பிரியதத்தம் அவற்றுள் ஒன்று. அதைப் பிரித்துப் பார்த்தால் பிரியம், தத்தம் என இரு சொற்கள். தத்தம் என்பது கொடுக்கப்பட்டது. பிரியத்தால் கொடுக்கப்பட்டது பிரியதத்தம். உழைத்து ஈட்டியதன்று, கடனாகப் பெற்றதன்று, கேட்டு வாங்கியதுமன்று. கொடுப்பவரின் பிரியமே காரணமாக வந்தது. குருமடத்தில் அருளைப் பற்றி ஓர் ஆண்டு முழுவதும் நாம் கற்ற பாடத்தின் சாரம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. பெலாஜியுசுக்கு எதிராக அகுஸ்தினார் எழுதிய நூல்களின் மையக் கருத்தும் அதுவே.

'அருள்' குறைந்த சொல் என்று நாம் சொல்லவில்லை. அது தமிழின் ஆழத்திலிருந்து வருவது. திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கே அது பெயர். சைவரும் வைணவரும் உருகிச் சொன்ன சொல். லூக்கா நற்செய்தியில் வானதூதர் மரியாவை அழைக்கும் கிரேக்கச் சொல், முன்பே அருளப்பெற்று அந்நிலையிலேயே நிலைத்திருப்பவர் என்னும் பொருள் தருவது. 'அருள் நிறைந்த' என்பது அதன் இலத்தீன் வடிவத்தை ஒட்டியது, நிறைவைக் காட்டுகிறது. 'பிரியதத்தத்தினாலே பூரண' என்பதில் நிறைவும் உண்டு, அதைத் தந்தவர் ஒருவர் உண்டு என்ற குறிப்பும் உண்டு. ஒன்று ஓசையால் இனிது. மற்றது அடக்கத்தால் இனிது.

விசுவாச அறிக்கையில் இன்னொரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். 'புனிதர்களின் சமூக உறவு' என்று நாம் சொல்வதைப் பழையவர்கள் 'சமுதீதப் பிரயோசனம்' என்றனர். கேட்டதும் நமக்கு நகைப்பு வரும். ஆனால் இலத்தீன் மூலம் இருபொருள் உடையது: புனித மனிதரிடையே உள்ள ஒன்றிப்பு என்றும் கொள்ளலாம், புனிதமானவற்றில் எல்லாரும் பங்கு பெறுதல் என்றும் கொள்ளலாம். புதிய பாடம் முதற்பொருளைத் தெளிவாக்கியது. பழைய பாடம், ஒருவரின் செபமும் தவமும் எல்லாருக்கும் பயன்படும் என்னும் பொதுப் பயனைச் சுட்டியது. பழைய கிறிஸ்தவர்கள் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக அவ்வளவு கருத்தோடு பூசை ஒப்புக்கொடுத்ததற்கும் அச்சொல்லுக்கும் தொடர்பில்லை என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

அந்த உபதேசியாரிடம் இப்போது வருவோம்.

நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கடற்கரைப் பங்கொன்றில் பணியேற்றோம். அங்கே வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவர் ஊதியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தும், மாலைச் செபமாலையைத் தாமே முன்னின்று நடத்தி வந்தார். எல்லாம் பழைய பாடம். மறைக்கல்விப் பிள்ளைகள் குழம்பினர். பங்குப் பேரவையில் முறையீடு வந்தது. ஒரு நாள் மாலை, மக்கள் கூடியிருக்கையிலேயே, "உபதேசியாரே, இனிமேல் புத்தகத்தில் உள்ளபடி சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பாடம்" என்றோம். அவர் எழுந்து நின்று, "சரிங்க சாமி" என்றார். அடுத்த நாளிலிருந்து அவர் பின்வரிசையில் அமர்ந்தார். உதடு அசையும், குரல் வராது. புத்தகத்தைப் பார்த்து வாசிக்கத் தமக்குக் கண் போதவில்லை என்று பிறரிடம் சொன்னாராம். நாம் அதை நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

மறு ஆண்டு அதே ஊரில் ஒரு வீட்டில் ஏழு வயதுச் சிறுவன் காய்ச்சலில் இறந்தான். அடக்கத்திற்குப் பின் ஏழாம் நாள் செபத்திற்கு நாம் சென்றிருந்தோம். ஆண்டவர் கற்பித்த செபத்தின்போது அவனுடைய தாய் பாதியில் நிறுத்திவிட்டார். முடிந்தபின் நம்மிடம் கேட்டார்: "தினம் ரெண்டு வேளை 'சோதனைக்கு உட்படுத்தாதேயும்'னு கெஞ்சினேனே சாமி. அப்புறமும் ஏன் உட்படுத்தினார்?"

தமிழில் சோதனை என்பது எத்தனை பொருளைச் சுமக்கிறது என்று அன்றுதான் நமக்கு உறைத்தது. பாவத்தூண்டுதல் என்று குருமடத்தில் நாம் படித்தோம். பள்ளியில் அது தேர்வு. வீட்டிலோ அது இடி விழுந்தது போன்ற துயரம். 'என்ன சோதனையோ' என்றுதான் மக்கள் புலம்புகின்றனர். அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் கேட்டது தம் பிள்ளைக்கு இடர் வராதிருக்க. வந்துவிட்டது, எனவே அனுப்பியவர் கடவுள்தான். செபத்தின் சொற்களே அதற்குச் சாட்சி. நாம் யாக்கோபின் திருமுகத்தை எடுத்தோம். கடவுள் ஒருவரையும் சோதிப்பதில்லை என்று அதன் முதல் அதிகாரம் கூறுவதை விளக்கினோம். விளக்கம் சரியானதே. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்போது வாசற்படியில் அமர்ந்திருந்த உபதேசியார் மெல்லச் சொன்னார்: "நாங்க படிச்ச மந்திரத்துல 'விழவிடாதேயும்'னு இருக்கும், தாயி. அவர் தள்ளி விடுறவர் இல்ல. விழாம பிடிச்சுக்கிறவர்." வேறெதுவும் பேசவில்லை. அந்தத் தாய் அவர் அருகே போய் அமர்ந்து அழுதார். செத்த வீட்டில் அதுவரை அவர் அழவில்லை என்று பின்னர்க் கேள்விப்பட்டோம்.

ஆம், பழைய தமிழ்ப் பாடம் 'சோதனையில் விழவிடாதேயும்' என்பதே. சோதனையில் விழ விடவேண்டாம் என்று கேட்கும் அதே அமைப்பு போர்த்துக்கீசியச் செபத்திலும் இசுபானியச் செபத்திலும் உண்டு. புதிய பாடத்தின் 'உட்படுத்தாதேயும்' கிரேக்க வினைக்கு நெருங்கியது என்பதையும் மறைக்கக்கூடாது. எங்களைச் சோதனைக்குள் கொண்டு செல்லாதேயும் என்பதுதான் கிரேக்கத்தின் நேர்பொருள். ஆனால் அந்த நேர்பொருளில் உள்ள முள் தொடக்கத் திருச்சபைக்கே தைத்தது. ஆப்பிரிக்கத் தெர்த்துல்லியன், சோதனைக்குள் நடத்தப்பட எங்களை விட்டுவிடாதேயும் என்பதே கருத்து என விளக்கம் தந்தார். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேசின் ஆயர் புனித சிப்பிரியானோ அந்த விளக்கத்தையே செபத்தின் பாடமாக எழுதினார். பலர் அவ்வாறே செபிப்பதாக அகுஸ்தினாரும் குறித்திருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், கிரேக்கச் சொல்லை ஒரே சொல்லால் பெயர்ப்பது கடினம் என ஒப்புக்கொண்டு, சோதனைக்குள் நுழைய விடாதேயும் என்றும், அதற்கு இணங்கிவிட விடாதேயும் என்றும் இரு பொருள்களைத் தருகிறது.

பல ஆண்டுகள் கழிந்து, 2017 டிசம்பரில் ஒரு செய்தியைப் படித்தோம். பிரெஞ்சு ஆயர்கள் அந்த ஆண்டுத் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறிலிருந்து இந்த வேண்டுதலை மாற்றிவிட்டனர். 1966-இலிருந்து அங்கே வழங்கிய பாடம் 'எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்' என்னும் பொருளுடையது. அது நம் புதிய தமிழின் அதே வினை. அதை விட்டு, 'சோதனைக்குள் நுழைய எங்களை விடாதேயும்' என்னும் பாடத்தை ஏற்றனர். அதே மாதம் மறைந்த திருத்தந்தை பிரான்சிசு தொலைக்காட்சி நேர்காணலில், விழும்படி தள்ளுபவர் தந்தை அல்லர், விழுந்தவரை எழுப்புபவரே தந்தை என்னும் கருத்தை வெளியிட்டார். 2020 திருவருகைக்காலத்தில் இத்தாலியத் திருப்பலி நூலும் மாறியது. செருமானிய ஆயர்கள் மட்டும் 2018-இல் ஆராய்ந்து, பழைய பாடமே இருக்கட்டும் என்று விட்டனர். அவர்கள் காட்டிய காரணங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

திருத்தந்தை பேசிய அதே கருத்தை உபதேசியார் வாசற்படியில் அமர்ந்து சொல்லியிருந்தார். செய்தி வந்தபோது அவர் இறந்து நெடுநாளாகியிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க நமக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று.

அப்படியானால் எல்லாச் சொல் மாற்றத்தையும் எதிர்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. ரசியாவில் 1653-இலிருந்து பிதாப்பிதா நிக்கோன் வழிபாட்டு நூல்களைக் கிரேக்க முறைக்கு ஒப்பத் திருத்தியபோது, இயேசுவின் பெயரில் ஓர் எழுத்து கூடியது. அல்லேலூயாவின் எண்ணிக்கை மாறியது. சிலுவை அடையாளத்துக்கு இரு விரலா மூன்று விரலா என்ற வழக்கு எழுந்தது. பழைய முறையினர் 1667-இல் சபைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களின் தலைவருள் ஒருவரான அவ்வாக்கும் என்னும் குரு 1682-இல் எரித்துக் கொல்லப்பட்டார். அந்தச் சபைநீக்கத்தை மாஸ்கோ திருச்சபை திரும்பப் பெற்றது 1971-இல். ஓர் எழுத்துக்காக முந்நூறு ஆண்டுப் பிளவு! நம் நாட்டிலும் இயேசுவின் பெயர் மாறியது. சேசுநாதர் இயேசுவானார்; 'ஆமென் சேசு' வெறும் 'ஆமென்' ஆயிற்று. யாரும் யாரையும் எரிக்கவில்லை. நம் மூதாட்டியர் சுவரோரம் சாய்ந்துகொண்டு பழையபடி சொன்னார்கள், அவ்வளவுதான். அவர்களின் பொறுமைக்கு நாம் போதிய நன்றி சொல்லவில்லை.

மறுபுறம், நான்காம் நூற்றாண்டில் மகன் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என்பதா, 'ஒத்த பொருளானவர்' என்பதா என்று கிரேக்கத்தில் ஓரெழுத்தின் மேல் நடந்த போராட்டத்தை வீண் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே அந்த எழுத்தோடு மீட்பே ஊசலாடியது. எழுத்தின் அளவை வைத்து அதன் எடையை அறிய இயலாது.

பிற சபையாரோடு நாம் கூடும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் இன்னொரு தடுமாற்றம் நேர்வதுண்டு. ஆண்டவரின் செபத்தில் நாம் 'ஆமென்' என்று நிறுத்தும் இடத்தில் அவர்கள் நிறுத்தாமல், அரசும் வல்லமையும் மாட்சியும் உமதே என்னும் புகழுரைக்குப் போவர். அது மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை. ஆனால் 'திதாக்கே' என்னும் பழமையான நூலில் அதன் வடிவமொன்று உண்டு. இன்று நம் திருப்பலியிலும், குருவின் இடைவேண்டலுக்குப் பின் அதைச் சொல்கிறோம். ஆக, அவர்கள் முந்தி வருகிறார்கள். நாம் சற்றுப் பிந்தி வருகிறோம். வந்து சேரும் இடம் ஒன்றே.

பழைய பாடமும் புதிய பாடமும் ஒரே மாதிரியாகக் காத்துவரும் ஒரு சிறு சொல்லையும் சொல்லிவிடுகிறோம். 'எங்கள்'. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் 'நம்' என்றும் 'எங்கள்' என்றும் வேறுபாடில்லை. தமிழில் உண்டு. கடவுளை நோக்கிப் பேசும்போது 'நம் தந்தையே' என்று நாம் சொல்ல முடியாது. அவரும் அந்த 'நம்'முள் சேர்ந்துவிடுவார். சவேரியாரோடு அமர்ந்து மொழிபெயர்த்த பெயர் தெரியாத அந்தத் தமிழர்களுக்கு இதை யாரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை.

இப்போது நாம் பணியாற்றும் பங்கில், இறந்தவர் வீட்டுச் செபமாலையின் முதற்பத்தைப் பழைய பாடத்திலும் மற்ற நான்கைப் புதிய பாடத்திலும் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கியுள்ளோம். திருவழிபாட்டில் ஏற்கப்பட்ட பாடமே இருக்கும். இது வீட்டுச் செபம். இளையோர் கற்பதற்காக இரு பாடங்களையும் ஒரு தாளில் அச்சடித்தோம். மெய்ப்பு இருமுறை திருத்தி, மறைக்கல்வி ஆசிரியர் இருவரிடமும் காட்டி, ஐந்நூறு படி எடுத்தாயிற்று. முதல் தாளை எண்பத்தெட்டு வயது மூதாட்டி ஒருவரிடம் கொடுத்தோம். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, விரலை வரியின் மேல் வைத்து, உதடசைய வாசித்தார். வாசித்து முடித்துத் தாளை நம்மிடமே நீட்டினார்.

"பிரியத்தத்தினாலேன்னு போட்டிருக்கு, சாமி. ஒரு 'த' விட்டுப்போச்சு."